மடிக்கொடி மேல் போன ஒயர்

இன்று காலை வீட்டில் நெட் நின்றது. அதே நேரம் பார்த்து என் மனைவி ஈர வேட்டி ஒன்றை உதறினாள். அந்த ஈரத்துணி வாசனை மூக்கில் ஏறியதும் நான் என்னையறியாமல் விட்டத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"நெட் போனா ரவுட்டரைப் பாக்கணும் நைனா. மேல இன்னா தேடற?" என்றான் மகன்.

மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்த சாமி, உன் வேட்டியைத் தேடுகிறேன் என்றால் அவன் நம்பவா போகிறான்?

திருத்தணிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. உன் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். கூடத்தில் மோடத்தோடு ஒன்று, பின்கட்டில் உன் மகளுக்கு ஒன்று. புகுந்த வீடு வேண்டாம் என்று திரும்பி வந்தவள், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடித்துக் காலையில் அனுப்பும் வேலையில் தன் காலில் நின்றுகொண்டிருந்தாள். அனுப்புகிற நேரம் பார்த்து லைன் அறுந்தது. இன்னொரு முறை தாமதமானால் வேலை இல்லை என்று சென்னை ஆபீஸ் சொல்லிவிட்டது.

இரண்டையும் இணைத்த மேதை நான்தான். அரக்கோணத்தில் பாதியில் விட்ட கோர்ஸின் பலம். மோடத்தின் செட்டிங்கை மாற்றினேன், விண்டோஸையே அழித்து ஏற்றினேன். நீயோ எதிர்வீட்டு மிக்ஸி முதல் மலைக்குரங்கு வரை சந்தேகப்பட்டாய். "எவனோ ஒயரை இழுக்கறான்டா! பிடிச்சேன்னா கையை ஒடிச்சுடுவேன்!"

ஒரு பகுதியை மட்டும் நான் பார்க்கவேயில்லை. கூடத்து உயரத்தில் உன் மடித்துணி காயும் மூங்கில் கொடியோடு, மோடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகும் ஒயரைக் கட்டியிருந்தாய். குளித்த ஈரத்தோடு வரும் நீ தவிர யாரும் தொடக்கூடாத இடம். "அதுதான்டா பத்திரம். என் ஆம்படையாளே கிட்ட வரமாட்டா" என்று பெருமை வேறு.

ஒருநாள் விடியற்காலையில் உன் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். லைனைச் சோதிக்க, இந்தக் கம்ப்யூட்டர் கூப்பிட, பின்கட்டுக் கம்ப்யூட்டர் பதில் சொல்லும் வரிகள் திரையில் ஓடின. மலைமேல் மடப்பள்ளி அடுப்பை மூட்ட வேண்டிய அவசரத்தில் குளித்துவிட்டு வந்தாய். கோலால் ஈர வேட்டியைத் தூக்கிக் கொடியில் போட்டாய். மூங்கில் ஆடியது. வரிகள் நின்றன.

"அப்பா, மறுபடியும் போயிடுத்து!"

"இன்னொரு தபா போடு" என்றேன்.

"என்னத்தைடா?"

"வேட்டியை."

எடுத்தாய், ஆட்டம் நின்றதும் லைன் வந்தது. போட்டாய், போனது. மோடத்தில் செருகியிருந்த முனையின் கொக்கி எப்போதோ உடைந்திருக்கிறது. மூங்கில் ஆடும்போதெல்லாம் ஒயர் இழுபட்டிருக்கிறது.

"இன்னா சாமி, கையை ஒடிச்சுக்கினு மலைக்குப் போறியா?"

நீ சிரிக்கவில்லை. "ஏறி அவுத்து விடு."

"நான் குளிக்கலையே."

"அவ வேலை போயிடும்டா. ஏறு."

நாற்காலி மேல் ஏறினேன். உன் மடித்துணி அத்தனையையும் என் அழுக்குத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். அவள் அடித்தது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீ மறுபடியும் குளித்தாய். "ஏன் லேட்டுன்னு முருகன் கேட்டா நெட் போச்சுன்னு சொல்லிக்கறேன்" என்று படியேறினாய்.

இப்போது நீயும் இல்லை, ஒயரும் இல்லை. ஆனாலும் நெட்டோ, மகனோடு பேச்சோ, எது அறுந்தாலும், யாரும் தொடக்கூடாது என்று நானே உயரத்தில் கட்டிவைத்தது ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

மகன் ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டான். நெட் வந்துவிட்டது. நான்தான் இன்னும் அண்ணாந்துகொண்டிருக்கிறேன்.