மூன்றாவது பிணை

கனம் நீதவான் தம்பிக்கு,

நீ மூன்றாம் தடவையும் பிணையில் விட்ட மாட்டுக்கள்ளன் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டான். தாய்க்கு அவன்தான் துணை என்று சட்டத்தரணி சொன்னதும் உன் மனம் இளகிவிட்டதாம். என்ன தங்கமான மனம்!

அடுத்த கிழமை நம் பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையின் பட்டிக்குள் புகுந்தான். அவள் பசுவின் கயிற்றை விடவில்லை. கையில் வெட்டிவிட்டுப் பசுவை ஓட்டிப் போனான். இனி அந்தக் கையால் பால் கறக்க முடியாதாம். பொலிசுக்குப் போகவும் மறுக்கிறாள்.

"அங்க போய் என்ன அக்கா செய்யிற? உங்கட தம்பி திருப்பியும் விட்டிருவார்தானே."

நேற்றுச் சந்தையில் அவன் என்னைக் கும்பிட்டான். "ஐயாவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்க அக்கா."

சொல்லிவிட்டேன். ஊரில் உன்னை விசாரிக்க இப்போது அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அக்கா