அதே ஏழு பேர், விருந்து வேறு வீட்டில்

என் உயிர் மச்சான் அருளுக்கு,

மேலே எந்த ஊரில் உட்கார்ந்து கித்தாரைத் தட்டிக்கொண்டிருக்கிறாயோ தெரியவில்லை. இங்கே ஈப்போவில் சாயங்காலமானால் மழை. உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நீ போன மறுமாதமே ஆ கியோங், ஈப்போ பக்கத்துச் செமோரில் இருக்கிற என் வீட்டைத் தேடி வந்தார். உன்னோடு சாக்ஸபோன் வாசித்த அதே ஆள்தான். சீனரானாலும் எஸ்டேட் கடை வீட்டில் பிறந்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறவர்.

"அருள் நாற்காலி காலியா கெடக்குலா. ஹோட்டல்காரன் வேற பேண்டு பாக்குறான். சனிக்கிழமை நீ வா, இல்லேன்னா இத்தோட மூடிருவோம்."

நீ இருபது வருஷம் கட்டிக்காத்த பேண்டு. பேராக் மாநிலத்திலேயே பெரிய கித்தார் வித்வான் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், எப்படி மறுப்பது? "ஒத்தக் கையால வாசிப்பேன்" என்றேன். என் தங்கச்சி கமலாவே உன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் பேரக் கெடுத்துறாதீங்க."

அப்புறம்தான் என் குறை நினைவுக்கு வந்தது. கோயில் பஜனையில் பாடி வளர்ந்தவனுக்கு சுருதிப் பெட்டிதான் உலகம். சா எங்கே ஆரம்பித்ததோ அங்கேதான் வந்து முடிக்க வேண்டும். ஜாஸிலும் எனக்கு அதே பழக்கம். பாட்டு சி சுருதியில் என்றால், கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, எதற்கு மாறினாலும் நான் சி-யில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஜி செவன் கார்டு ஓடும்போது அதற்குள் இருக்கிற பி-யோடு என் சி முட்டும். உன் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி போகும்.

"மச்சான், விருந்து வேற வீட்டுக்குப் போயிருச்சு. நீ இன்னும் பழைய வீட்டுலயே எல போட்டு உக்காந்திருக்க" என்பாய். ஏழு சுரமும் ஏழு பங்காளிகள், ஆள் மாறுவதில்லை. டி வீட்டில் கூடினால் டோரியன். நம் காதுக்குக் கரகரப்பிரியா. அதே ஏழு பேரும் ஜி வீட்டுக்குப் போனால் மிக்ஸோலிடியன், நம்ம அரிகாம்போதி. சி வீட்டுக்குத் திரும்பினால் சங்கராபரணம்.

"வீட்டுக்காரன்லேர்ந்து ஒருத்தன விட்டு ஒருத்தன் எந்திரிச்சா அதான் கார்டு. டி, எஃப், ஏ, சி. எண்ணிப் பாரு" என்றாய் ஒருநாள்.

"அப்போ தாள்ல முன்னாடியே போட்டிருக்கே, சுரத்த ஏத்துற ஷார்ப்பு, எறக்குற பிளாட்டு?" என்றேன்.

"யார் யாரக் கூப்பிட்டிருக்குன்னு வாசல்ல ஒட்டுன சீட்டுலா அது."

அன்றைக்குத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடு யார்? விரலுக்குப் புரிந்தது போன சனிக்கிழமைதான்.

ஹோட்டலில் ஐந்நூறு பேர். சரி, உன்னிடம் என்ன மறைப்பு, இருபது பேர். கமலா முன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சி-யில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் ஆ கியோங் திரும்பி, "தூக்கு, ஈ பிளாட்!" என்று கத்தினார். பாட்டையே சி-யிலிருந்து அங்கே ஏற்றச் சொல்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லக்கூடாதா?

அப்போது உன் குரல் கேட்டது மச்சான், சத்தியமாக. வாசலில் மூன்று பிளாட். பி, ஈ, ஏ மூவருக்கும் அழைப்பில்லை. அவர்களுக்குப் பதில் அரைப்படி இறங்கிய அவரவர் தம்பிகள் வந்திருக்கிறார்கள். முதல் விருந்து எஃப் வீட்டில், அதே டோரியன். அடுத்தது பி பிளாட் வீடு, அதே மிக்ஸோலிடியன். நான் பழைய இடத்தைத் தேடவே இல்லை. கார்டு போன வீட்டுக்கெல்லாம் கூடவே போனேன். ஈ பிளாட்டில் போய் இறங்கியபோது முட்டல் இல்லை, மோதல் இல்லை. கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹோட்டல்காரர் வந்து, "அடுத்த வாரமும் நீங்களே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆ கியோங் என் முதுகில் ஒன்று வைத்தார். "யாருலா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"என் மச்சான்தான். அவன் வாசிச்சா ஈப்போ மழையே நின்னு கேக்கும்."

"நான் அவன்கூட இருபது வருஷம் நனைஞ்சிருக்கேன்!"

"நீ ஊதுற சத்தத்துக்கு பயந்து மறுபடி கொட்டியிருக்கும்."

கமலா வாய்விட்டுச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேண்டு மூடாது மச்சான். கையில் தெம்பு இருக்கிறவரை சனிக்கிழமை தவறாமல் போவேன். யார் கேட்டாலும் உன் பேரைத்தான் சொல்வேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். நன்றி என்கிற ஒரு சொல்லை மட்டும் உனக்குக் கூட்டாமல் சொல்கிறேன்.

தங்கச்சியைக் கொடுத்து கித்தாரை வாங்கிக்கொண்ட
உன் மச்சான்
முனியாண்டி