எட்டாத முதுகு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம், பயப்படாதீர்கள்.

சளிக்காய்ச்சல் வந்து, முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அதைப் பார்த்ததும் கம்பெனி விடுதியில் என் அறைத்தோழிகள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். "இந்தக் கிருமியால சிலருக்குத் தோல்லயும் இப்படி வரும், தானா அடங்கிடும்" என்று மருத்துவர் அரிப்புக்குக் களிம்பு கொடுத்தார். முதுகுக்கு என் கை எட்டினால்தானே! வேலையிடத்தில் ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டதிலிருந்து என்னோடு பேசாதிருந்த, எங்கள் கம்பெனியில் இஸ்திரி போடும் அக்கா, முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தார். "கோவம் அப்படியேதான் இருக்கு. திரும்பி உக்காரு" என்றார். தினமும் தடவிவிட்டார். தடிப்பு மறைந்த பிறகும் அரிக்கிறது என்று பொய் சொன்னேன். அவருக்குத் தெரியும், ஆனாலும் தடவிவிட்டார்.

பருத்தி நைட்டி இரண்டு தைத்து அனுப்புங்கள். ஒன்று அக்காவுக்கு, சற்றுப் பெரிதாக. வேலைக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்