பல்பு அலமாரி

ஏற்காடு,
ஜனவரி 11.

அன்பு மகன் ஜாபெஸுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் டப்ளினில் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவின் கறுப்புப் பெட்டியை எதிலும் சொருகாதே என்றேன். ஏம்மா என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போனதாக நீ இதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டாய். நானும் கேள்விப்பட்டதில்லை. ஆகையால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை அந்தப் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தூசி தட்டக்கூட எடுக்காதே.

நாகலூர்க் காளியாயியை உனக்கு மறந்திருக்காது. ஒண்டிக்கடையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கூடை வைத்து ஆரஞ்சும் பேரிக்காயும் விற்பவள். நீ சின்னவனாக இருந்தபோது எடைக்கு மேலே ஒரு பழம் உன் கையில் வைப்பாள்; நான் திருப்பிக் கொடுக்கச் சொல்வேன்; நீ அதற்குள் கடித்திருப்பாய். அவளுடைய ஒரே மகன் கார்த்தி போன மாசியில் மிளகு பறிக்கப் போனான். சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி வழுக்கிவிட்டது. ஜீப்பில் போட்டு சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரம் சேரும் முன்பே போய்விட்டான். அப்போதே உன்னிடம் சொன்னேன். பாவம்மா என்றாய்.

திங்கட்கிழமை காலையில் அவள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றதற்கு, காலெல்லாம் சேறுங்கம்மா என்று படியிலேயே நின்றுகொண்டாள். வருஷம் திரும்பப் போகிறது, படம் வைத்துச் சாமி கும்பிட வேண்டும், வீட்டில் படம் இல்லை என்றாள். நம் ஸ்டுடியோவில் எடுத்த படம் மழையில் கூரை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டதாம். அவனுடைய செல்போன் அவனோடு விழுந்து நொறுங்கிவிட்டது. ஆதார் அட்டையில் படம் இருக்குமே என்று கேட்டேன். "அது எம்பையன் இல்லீங்கம்மா. ஆடு திருடி மாட்டிக்கிட்டவனாட்டம் நொம்ப முளிச்சுக்கிட்டு இருக்கறான். அதுக்கு மாலை போட்டா அவனே சிரிப்பான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் கேட்டது அப்பா எடுத்த படம். பிளஸ் டூ முடித்த கையோடு, ஸ்டுடியோவின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்தது. எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கோட்டின் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அந்தப் பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பல்லை உள்ளே வை, இது ஃபோட்டோ என்றேன். விடு கிளாரா, அதுதான் படம் என்றார் அப்பா.

காளியாயியிடம் நான் சொன்ன பதிலைக் கேள். பென்னி ஸ்டுடியோவுக்குள் வந்த முகம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, காத்திரு, இப்போதே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

அப்பாவின் படங்களையெல்லாம் ஏற்றி நீ கொடுத்த எஸ்.எஸ்.டி. எங்கே இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அப்பாவின் பல்பு அலமாரியில் இருந்தது. இந்த ஊர் மூடுபனியில் ஆடியில் வெளியே வைத்த லென்ஸ் தீபாவளிக்குள் சிலந்தி வலை கட்டினதுபோல் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காகத்தான் அலமாரிக்குள் ராவும் பகலும் அந்தச் சின்ன மஞ்சள் பல்பு. லென்ஸ்கள், என் பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாணப் புடவை எல்லாம் அதில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. இப்போது வருகிற எல்.இ.டி. பல்பு சூடு தராது. ஆகையால் சேலத்துக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழைய பல்பு வாங்கி வைக்கிறேன். அப்பா போன பிறகும் அது ஒரு நாள்கூட அணைந்து கிடந்ததில்லை. நீ தந்ததை அப்பாவின் கைக்கடிகாரப் பெட்டியில் வைத்து, பல்புக்கு நேர் மேல் தட்டில் வைத்தேன். இந்த வீட்டிலேயே ஈரம் எட்டாத இடம் அதுதான். பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். வேலைக்கு வருகிற பழனியம்மாளைக்கூடத் தொட விட்டதில்லை.

அதை எடுத்துக்கொண்டு நானும் காளியாயியும் ருக்சானாவிடம் போனோம். ஜாபர் அலியின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அப்பாவுடைய குடைக்கடையில் பாதியை வாங்கிக்கொண்டு செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிறாள். நல்ல பெண். கடையைச் சுத்தமாக வைத்திருக்கிறாள்.

அவள் சொருகினாள். முதலில் கம்ப்யூட்டர் இதை அழித்துப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. தொடாதே என்றேன். "நான் என்ன லூசுங்களா ஆன்ட்டி" என்றாள். கழற்றி, வேறொரு வயர் போட்டு, மறுபடி சொருகினாள். வெகுநேரம் கழித்துப் பெயர்கள் வந்தன. வருஷம், மாதம், ஆளின் பெயர், ஊர் என்று நான் பழக்கிவைத்த வரிசையிலேயே வந்தன. நான் காளியாயியைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தாயா என்று கேட்கிற பார்வைதான். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கார்த்தி, நாகலூர். அதைத் திறந்தாள்.

ஜாபெஸ், தலை வந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. நெற்றி வந்தது, அதில் விபூதிக் கீற்று. புருவம் வந்தது. புருவத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் நிறம். கண் இல்லை, வாய் இல்லை, நான் அடக்கச் சொன்ன சிரிப்பு இல்லை, கோட்டும் இல்லை.

இன்னும் வந்துகொண்டிருக்கிறது, பொறு என்று ருக்சானாவிடம் சொன்னேன். வராதுங்க ஆன்ட்டி, அவ்வளவுதான் இருக்குது என்றாள். வேறு சிலவற்றைத் திறந்தாள். ஒரு கல்யாணத்தில் பந்தலும் சீரியல் விளக்கும் இருந்தன; அவற்றின் கீழே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் படத்தில் பின்வரிசை மட்டும் நின்றது. பல படங்கள் திறக்கவே மறுத்தன. போதும் என்றேன். பட்டியலில் உன் பெயரும் இருந்தது. அதைத் திறக்க நான் சொல்லவில்லை.

காளியாயி அருகே போனாள். திரையைத் தொடாமல் விரலை அந்த நெற்றிக்கு நேரே நீட்டினாள். "இது எம்பையன் நெத்திதானுங்க. சின்னதுல கதவு இடிச்ச தழும்பு இருக்குது பாருங்க" என்றாள். பிறகு என்னிடம், "மீதி எப்பங்கம்மா வரும்" என்று கேட்டாள். குடை மடித்துக்கொண்டிருந்த ஜாபர் அலி எழுந்து உள்ளே போய்விட்டார்.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று ருக்சானா கேட்டாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பெருமையாகத்தான் சொன்னேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க ஆன்ட்டி, இது என்ன கோழி முட்டைங்களா, அடை வைக்கறதுக்கு" என்றாள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொன்ன வேகத்தில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, கோவிச்சுக்காதீங்க என்று என் கையைப் பிடித்தாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அப்பாவின் பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு ஒன்று சுழல்கிறது. காந்தத்தால் அதில் எழுதப்படுகிறது. கீழே போட்டால் கெடும், ஓடி ஓடித் தேயும். ஆனால் சும்மா கிடந்தால் எழுத்து எளிதில் போகாது. உன் எஸ்.எஸ்.டி.யில் ஓடுவது, சுழல்வது எதுவும் கிடையாது. துளித்துளியாக மின்சாரத்தை அடைத்து வைத்து, அதைத்தான் படம் என்கிறார்கள். வேலை செய்யும்போது அது வேகம், உறுதி. ஆனால் வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்தால் அந்தத் துளிகள் கசியும். சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். புதிதாக இருந்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அவ்வப்போது சொருகி எடுத்திருந்தால் தப்பியிருக்கலாமாம். இது வெகுவாக உழைத்த சரக்கு என்றும் சொன்னாள். உன் லேப்டாப்பில் ஓட்டிக் களைத்ததைத்தானே கழற்றி எனக்குக் கொடுத்தாய்.

அப்பாவின் அடக்கம் முடிந்த வாரத்தில் நீ ஹாலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தியதை மறந்துவிட்டாயா? பழைய பெட்டி டக் டக் என்கிறது, அது இன்றோ நாளையோ என்றாய். இதில் அசைகிற பாகமே இல்லையம்மா, ஒன்றும் ஆகாது என்று மேஜையிலிருந்து தரையில் போட்டே காட்டினாய். எடுத்துச் சொருகினாய்; எல்லாம் இருந்தது. நான் நம்பினேன். சும்மா வைத்தால் கெடும் என்று நீ சொல்லவில்லை. விளக்குப் போட்டு வைப்பேன் என்று நானும் சொல்லவில்லை. பழைய பெட்டி முனகும்போது அப்பா அதன்மேல் கை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் குழந்தையைப் பார்க்கிறமாதிரி. இது முனகக்கூட இல்லை, ஜாபெஸ். என் கண்ணெதிரில், என் பூட்டுக்குள், நான் ஏற்றிய விளக்கின் மேலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் கதவைத் திறந்து பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, நிம்மதியாக ஆராதனைக்குப் போயிருக்கிறேன்.

இனி அந்தக் கறுப்புப் பெட்டி, அப்பாவின் பழைய ஹார்டு டிஸ்க். அதிலுள்ளதை அழித்துவிட்டுச் சினிமா போட்டுக்கொள்கிறேன், கெட்டுப்போனாலும் நஷ்டமில்லை என்று நீ எடுத்துப் போனாய். இதைச் சொன்னதும் ருக்சானா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சுழல்கிற வகையில் சாதாரணமாக அழித்தால் பெயர்தான் போகுமாம். அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை படம் அடியிலேயே கிடக்குமாம். எஸ்.எஸ்.டி.யில் அழித்தால் பெரும்பாலும் அதோடு சரி. நீ எத்தனை சினிமா போட்டாய் என்று எனக்குத் தெரியாது. போட்டவற்றின் அடியில் இருந்த முகங்கள் போயிருக்கும். போடாத இடத்தில் கார்த்தி இருக்கலாம். சொருகினாலே கம்ப்யூட்டர் தானாக எதையாவது எழுதிவிடும் என்பதால்தான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். பெங்களூரில் இதை மீட்டுத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். விலாசம் அவளிடம் இருக்கிறது.

தபாலில் அனுப்பாதே. வழியில் தூக்கிப் போடுவார்கள். உள்ளே தட்டு இருக்கிறது. அங்கேயே ஆள் பார்த்து எடுத்து இண்டர்நெட்டில் அனுப்புகிறேன் என்பாய். வேண்டாம். மீட்டால் பெயரில்லாமல், வெறும் எண்களாகத்தான் வருமாம். அந்த முகங்களில் எது யார் என்று டப்ளினில் யாருக்குத் தெரியும்? நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதனால் துண்டில் சுற்றி, கைப்பையில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வா. மாசியில் மலை நன்றாயிருக்கும். காப்பி பூக்கிற நேரம். லீவு கிடைக்காது என்று எழுதாதே. கேட்டுப் பார்த்தபின் எழுது.

வீட்டை விற்கலாம் என்று நீ முன்பு சொன்ன பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீயும் எடுக்க வேண்டாம். உன் அறையைப் பழனியம்மாள் கழுவிவிட்டாள். மெத்தை வெயிலில் கிடக்கிறது; இந்தப் பனியில் வெயில் வருகிற மட்டும் கிடக்கட்டும். நீலக் கோட்டை எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரிக்கவில்லை. அப்பாவுக்கு எப்போதும் தோளில் இறுக்கம். உனக்குச் சரியாக இருக்கும்.

நேற்று காலையில் காளியாயி மறுபடி வந்து, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா என்று கேட்டாள். என் மகன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க பையன் வர்றாருங்களா" என்று கேட்டாள். படத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. கூடையிலிருந்து நாலு ஆரஞ்சு எடுத்து, தம்பிக்குக் குடுங்க என்று வைத்துவிட்டுப் போனாள். இந்த முறை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பழம் அதிக நாள் தாங்காது. அலமாரியில் வைக்காமல் சமையலறை ஜன்னலில், குளிர்காற்றுப் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். பல்பை அணைத்துவிட்டேன்.

பயணம் முழுவதும் கர்த்தருடைய கரம் உன்மேலும், உன் மடியில் இருப்பதன்மேலும் இருப்பதாக.

உன் அம்மா,
கிளாரா பென்னி.