பெண்டுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே குழாய் வளைவும் பெண்ட்தான், சாலைத் திருப்பமும் பெண்ட்தான். எங்கள் கிடங்கு நடையிலும் ஒரு பெண்ட் உண்டு. எதிரே வருபவர் தெரியாது என்பதால், தள்ளுவண்டியோடு திரும்புமுன் "பெண்ட்" என்று குரல் கொடுப்போம். நேற்று ஏதோ நினைப்பில் "வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"பாத்து வாடா, தரை ஈரமா இருக்கு" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

இங்கே என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது. பயப்படாதே, நான் வழுக்கி விழவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. மேஸ்திரி கத்துகிறார், முடிக்கிறேன்.

நேற்றுக் கேட்டது அச்சு அசல் உன் குரல், அம்மா. நலமாக இருக்கிறேன் என்று உன் கையாலேயே ஒரு வரி எழுது.