சமையலறை ஆணியில் ஒரு பேட்ஜ்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதப்போகிறேன். வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்களாம். அதனால் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அணுமின் நிலைய மருத்துவ அதிகாரி இன்று அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். "பதினோரு வருஷமா உங்க வீட்டுக்காரர் கதிர்வீச்சு அளக்குற பேட்ஜ்ல அளவு கம்மியாத்தான் பதிவாயிருக்கு. இந்த ரத்தப் புற்றுநோய் வேலையால வந்ததில்லம்மா. இந்த மாசத்தோட நிலையத்துச் செலவுல நடக்குற வைத்தியம் நின்னுடும்" என்றார்.

உள்ளே குழாய் வெல்டிங் இருந்த நாட்களில் உங்கள் பேட்ஜ் நம் சமையலறை ஆணியில்தானே தொங்கியது? ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கும் ஒருநாள் லீவு வேணாமாடி?" என்று சிரித்தீர்களே. அதைச் சொல்லிவிடட்டுமா?

உங்கள் அன்பு மகள்

ஜூன் 5

என் வாத்தியாரம்மா மகளுக்கு,

சொல்லாதே கண்ணு. பேட்ஜில் அளவு ஏறிவிட்டால் அந்த வருடம் முழுக்க உள்ளே விடமாட்டார்கள். ஒப்பந்தக்காரர் வேறு ஆளை வைத்துக்கொள்வார். "கழட்டி வெச்சிட்டு வாங்கப்பா" என்று மேஸ்திரியே சொன்னதுதான். பக்கத்து வீட்டு மாமா உட்பட எங்கள் செட்டில் ஆறு பேரும் அப்படித்தான் செய்தோம். நீ வாய் திறந்தால் அத்தனை பேர் பிழைப்பும் போய்விடும். எனக்கு ஆவது ஆகட்டும். வாயெல்லாம் புண். உன் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்.

அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகப் போனேன். உங்கள் மருந்து நின்றுவிடுமே என்ற ஒரே பயம்தான். அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அப்போ உங்க அப்பா உடம்புல எவ்வளவு பட்டுச்சுன்னு யாருக்குமே தெரியாது. தெரியாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? விதியை வேற மீறியிருக்காரு" என்றார்.

நான் வேறு யார் பெயரையும் சொல்லவில்லை அப்பா. ஆனால் இன்று காலை விசாரணை என்று சொல்லி உங்கள் செட் முழுவதையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமா, "நல்லா படிக்க வெச்சான் உங்கப்பன்" என்று கதவைச் சாத்தினார். மாமி அழுதது சுவர் வழியே கேட்டது.

முப்பதாம் தேதி உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மகள்

ஜூன் 12

அப்பா,

பதிலே இல்லை. "படிச்சாரு, மடிச்சு வெச்சாரு, ஒண்ணும் சொல்லலை" என்கிறாள் அம்மா. திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

இதை வார்டுக்கு வெளியே, கண்ணாடி ஜன்னலருகே நின்று எழுதுகிறேன். இரவு எட்டு மணி. நீங்கள் விழித்துத்தான் இருக்கிறீர்கள், கால்விரல் அசைகிறது. கண்ணாடியைத் தட்டினேன். பார்த்தீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

இன்னொரு முறை தட்டினேன். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து விளக்குகளை அணைத்துவிட்டார்.