அட்டமியன்று வந்த பதிவுத் தபால்

உடுப்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிருஷனுக்கு,

கடவுள் துணையால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் கொழும்பில் வருத்தம் ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி என் விரல்கள் மடங்குவதாக இல்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி லவீனா எழுதுகிறாள். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் குறைவு, ஆனால் உன் கதை வந்தால் அலுத்துப்போகிறார். ரசாயனம் படித்த பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லையோ என்று யாரும் கேட்டால், "சீமெந்துத் தொழிற்சாலை பூட்டினாப்பிறகு இஞ்சை என்ன கிடக்கு, கிணத்துக்குக் குளோரின் போடுறதுதான்" என்கிறார். நீயும் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டு ஓடி ஓடிக் களைத்துவிட்டாய், இந்த மாதம் முடிய ஒன்றும் சரிவராவிட்டால் கட்டாருக்குக் கடைவேலைக்குப் போவேன் என்றாய்.

மகன், நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் நாலு தரம் உனக்குப் போன் எடுத்தேன், நாலு தரமும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீ விண்ணப்பித்த பெயின்ற் கொம்பனியிலிருந்து போன செவ்வாய்க்கிழமை பதிவுத் தபால் வந்தது. நீ அறை மாறி மாறி இருப்பதால் வீட்டு விலாசம்தானே கொடுத்திருந்தாய். அன்றைக்கு அட்டமி, மறுநாள் நவமி. ஆறு மாதமாக வராத கடிதம், நல்ல நாளில் பிரிப்போம் என்று சாமிப்படத்தடியில் வைத்தேன். "உடைச்சுப் பாப்பமே அம்மா" என்று லவீனா மெல்லக் கேட்டாள், "பொறடி, ரெண்டு நாளிலை என்ன குடிமுழுகிப் போகுது" என்று நான்தான் அவளை அடக்கினேன். வியாழன் காலை முழுகி விளக்கேற்றிப் பிரித்தால், நேர்முகப் பரீட்சை புதன் ஒன்பது மணிக்கு. உன் அறையிலிருந்து பஸ்ஸில் அரைமணித் தூரம். அப்பா ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை லவீனா கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். வருகிற புதன் ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்களாம். மூலச் சான்றிதழ்களை இதனுடன் வைத்து இன்றைய பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம், பஸ் வந்ததும் நீயே நின்று வாங்கு. அட்டமி நவமி பாராமல் போய்வா. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். புதன்கிழமை முகம் வழிக்க மறக்காதே.

உன் அம்மா,
உதயகலா

அண்ணை, அம்மா எழும்பிப் போய்விட்டா, இது நான் எழுதுவது. அந்த வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று. முதலில் போனை எடுத்தவர் சிங்களத்தில் கதைத்ததும் பயந்து வைத்துவிட்டேன், மூன்றாம் தரம் தமிழ் தெரிந்த ஒரு அக்கா எடுத்தா. ஆய்வுகூடத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு இடம் மட்டும் இருக்கிறதாம், சம்பளம் குறைவு, பிறகு வேலை நிச்சயம் இல்லை. "தங்கச்சி, அவர் உண்மையா வருவாரோ? இல்லாட்டி வேறை ஆளைக் கூப்பிட வேணும்" என்றா. உங்களைக் கேட்காமல் "ஓம், வருவார்" என்றேன். உங்கள் பெயரை எழுதிவிட்டா. அம்மாவிடம் அதே வேலைதான் என்று சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் அவ இன்றும் சாப்பிட்டிருக்கமாட்டா. போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். போகாமல் மட்டும் விடாதீர்கள், எனக்கு இன்னொரு தரம் போன் எடுக்கத் துணிவு வராது.

லவீனா